ஏரிக்கரைப் புளியும் ஏரி மீனும்: வேலூர்ப் பக்கத்தில் முதன்முதலாக ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு

தை பிறந்ததும் எங்கள் பக்கத்து ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஒரு தாள் ஒட்டுவார்கள். 'ஏரிக்கரைப் புளிய மரங்களின் மகசூலை அனுபவிக்கும் உரிமை பொது ஏலம் விடப்படும்' என்று தொடங்கும். நிற்கிறவர்கள் தேதியையும் டெபாசிட் தொகையையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கீழே பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும் நிபந்தனைகளைப் படிப்பவர் மிகக் குறைவு. ஏரி பிழைப்பதும் கெடுவதும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவே ஏரிப் பாசனத்தில் நெல்லும் நிலக்கடலையும் போடுகிறவன் நான். இரண்டு முறை புளி மகசூல் எடுத்திருக்கிறேன். ஒரு முறை மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து மீன் குத்தகையும் எடுத்தேன். ஏலம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏலம் எடுக்காமல், தன் ஊர் ஏரியை யார் எடுக்கிறார், என்ன செய்கிறார் என்று கவனிக்க நினைப்பவருக்கும் இதே வழிதான்.

முதலில்: எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் மரத்தை வாங்கவில்லை, ஏரியையும் வாங்கவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு அது தரும் விளைச்சலை மட்டும் வாங்குகிறீர்கள். கிளையை வெட்டினால் அது ஊர்ச் சொத்தை வெட்டியதாகும். புளி, மீன், சீமைக் கருவேல விறகு, பனை, தென்னை ஆகியவை பெரும்பாலும் இப்படி ஏலத்துக்கு வரும்.

ஏரியின் வண்டல் மண் இந்தப் பட்டியலில் இல்லை. விவசாயிக்கும் மண்பாண்டம் செய்பவருக்கும் அதை இலவசமாக எடுக்க அனுமதி உண்டு. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கனமீட்டர் என்பது அளவு. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி கிடைக்கிறது. 'வண்டலும் சேர்த்து ஏலம்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்; அது செங்கல் சூளைக்குப் போகிற மண்ணாகத்தான் இருக்கும்.

இடம் யாருடையது என்று பாருங்கள்

ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அது நீர்வளத் துறை ஏரி. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றிய ஏரி. யார் ஏலம் விட வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. துறை ஏரியின் மீனை ஊராட்சித் தலைவர் தாமாக ஏலம் விட்டால், நாளை நீங்கள் கட்டிய பணத்துக்கு மதிப்பு இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். சர்வே எண் தெரிந்தால் அரசின் இ-சேவை இணையதளத்திலும் பார்க்கலாம். 'ஏரி', 'நீர்நிலைப் புறம்போக்கு', 'வண்டிப் பாதை' என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன், அதனால் பட்டேன். முதல் முறை எடுத்தபோது அறிவிப்பில் 26 மரங்கள் என்று இருந்தது. கரையின் வடக்குக் கோடியில் இருந்த நான்கு மரங்களை உலுக்க ஆள் ஏற்றினேன். கீழே படுதா விரித்து முடிப்பதற்குள் ஒரு பாட்டி வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இது எங்கள் வீட்டுக்காரர் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரம். தாள் வைத்திருக்கிறேன்" என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்து மஞ்சள் ஏறிப்போன ஒரு காகிதத்தை எடுத்தார். 2-சி பட்டா. புறம்போக்கில் மரம் வைத்து வளர்த்தவருக்கு அதன் பலனை அனுபவிக்க வருவாய்த் துறை தரும் உரிமைச் சீட்டு. கிராமக் கணக்கில் 2-சி என்ற பதிவேட்டில் அது ஏறியும் இருந்தது. ஏலம் விட்டவர்களும் பார்க்கவில்லை, எடுத்த நானும் பார்க்கவில்லை. படுதாவைச் சுருட்டிக்கொண்டு, அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான்கு மரத்தின் பணம் போனது போனதுதான். அன்றிலிருந்து அ-பதிவேட்டுக்கு அடுத்தபடியாக நான் கேட்கும் கணக்கு 2-சி.

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜவ்வாது மலையிலும் அதன் சரிவுகளிலும் புளி, தேன், கடுக்காய் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் இருக்கிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. மரம் அல்லாத சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் வழிவழியாக அங்கே வாழ்பவர்களுக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. அவர்களைத் தாண்டி வெளி வியாபாரி குத்தகை எடுப்பது முறையல்ல. அவர்கள் சேகரித்ததை அவர்களிடமே நேராக நல்ல விலைக்கு வாங்குங்கள்.

புளி: மரத்தைச் சுற்றி நடக்காமல் விலை சொல்லாதீர்கள்

ஏல நாளுக்கு ஒரு வாரம் முன்பே காலையில் போங்கள். சாலையிலிருந்து பார்த்தால் எல்லா மரமும் காய்த்தது போலத்தான் தெரியும். அடியில் போய் அண்ணாந்து பார்த்தால்தான் உச்சிக் கிளையின் நிலை தெரியும். புளி ஓராண்டு கொட்டினால் மறு ஆண்டு இளைத்துவிடும். ஆகவே போன வருடத் தொகையை வைத்து இந்த வருடத் தொகையைச் சொல்லக் கூடாது. கீழே விழுந்த பழத்தில் நான்கைந்தை எடுத்து உடையுங்கள். சதை ஓட்டைவிட்டுப் பிரிந்து, நார் தனியாக நின்றால் பழம் தயார். ஓட்டில் ஊசி முனை அளவு துளை இருந்தால் வண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மரத்துக்குக் கணக்கில் பாதி போடுங்கள்.

கணக்கு இப்படித்தான் போட வேண்டும். கரையில் 30 மரம், அதில் காய்த்தது 18 என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு 100 கிலோ ஓட்டுப்பழம் என்றால் 1,800 கிலோ. ஓடும் கொட்டையும் நாரும் போக நூற்றுக்கு 40 பங்கு சதை நின்றால் 720 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றால் 72,000 ரூபாய். உலுக்குகிறவர், பொறுக்குகிறவர், உடைத்துக் கொட்டை எடுக்கிறவர் கூலியும் வண்டி வாடகையும் சேர்ந்து 35,000 என்றால் மிச்சம் 37,000. இந்தக் கணக்கில் நான் 25,000 ரூபாய்க்கு மேல் கை தூக்க மாட்டேன். மாசியில் ஒரு நாள் மழை பெய்தால் பழம் கறுத்துவிடும். அதற்கு இடம் விட வேண்டும். எண்களெல்லாம் கணக்கின் வடிவத்தைக் காட்டத்தான். விலையை அந்த வாரம் வேலூர் மண்டித் தெருவில் இரண்டு கடைகளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலி பேசும்போது மரம் ஏறுகிறவரின் பாதுகாப்பையும் பேசுங்கள். புளிய மரக் கிளை வலுவானது என்று நம்பி நுனிக்குப் போகிறவர்கள் விழுகிறார்கள். இடுப்புக் கயிறு வாங்கித் தருவது எடுப்பவரின் கடமை.

நிபந்தனைகள்: இங்கே அவசரப்படாதீர்கள்

அறிவிப்பின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்து இரண்டு முறை படியுங்கள். ஏலம் என்பது ஒரு விலை. விலை எதற்கு என்பதை நிபந்தனைதான் சொல்கிறது. தவறான நிபந்தனையோடு நல்ல விலைக்குப் போன ஏலம் ஊருக்கு நட்டத்தைத்தான் கொண்டுவரும்.

சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். பெரும்பாலும் டன் கணக்கில் விற்கிறார்கள். எடைக்குப் பணம் கட்டுகிறவர் எடை உள்ள தண்டை வெட்டிக்கொண்டு போவார்; வேரைத் தோண்ட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. வேர் நின்றால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். 'வேரோடு அகற்றி, குழியை மூடி, இடத்தை ஒப்படைத்த பிறகே டெபாசிட் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரி இருந்தால் விலை சற்று இறங்கும். ஆனால் ஏரி சுத்தமாகும். அதே சமயம் கரையின் சரிவில் இருக்கும் மரத்தைப் பொறியாளரைக் கேட்காமல் பொக்லைன் வைத்துப் பிடுங்கினால் கரை பலவீனமாகும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து, ஏரிகள் அடுத்தடுத்து நிரம்பிக் கோடி வழியே வழிந்ததைப் பார்த்தவர்களுக்குக் கரையின் அருமை தெரியும்.

மீன் குத்தகையில் இது இன்னும் கூர்மையானது. குத்தகை ஆண்டு வருவாய்த் துறையின் பசலி ஆண்டுக் கணக்கில் ஓடும்: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மீன் பிடிக்க நீர் குறைய வேண்டும்; நெல் விளைய நீர் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மதகுப் பலகை. நாங்கள் குத்தகை எடுத்த ஆண்டு ஏலமே தள்ளிப்போய்ப் பொங்கலுக்குப் பிறகுதான் நடந்தது. ஐந்து மாதத்தில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். எங்கள் கூட்டாளிகளில் ஒருவர், "அண்ணே, இரண்டு இராத்திரி மதகைத் திறந்துவிட்டால் வலை போடும் அளவுக்கு நீர் இறங்கிவிடும்" என்றார். எனக்கே அந்த ஏரியின் கடைமடையில் முக்கால் ஏக்கர் இருக்கிறது. என் நாற்றை என் கையாலேயே காய வைக்க முடியாது என்று மறுத்தேன். ஆனால் அவர் சொன்னது பேராசையால் வந்ததல்ல. காலத்தைக் குறுக்கிக் கொடுத்த ஏலம் அவரை அப்படி யோசிக்க வைத்தது. வேறு ஊரிலிருந்து வந்து எடுத்தவராக இருந்திருந்தால் திறந்திருப்பார்.

ஆகவே மீன் ஏல அறிவிப்பில் நான் தேடுவது இவை. ஏலம் ஜூலை தொடக்கத்துக்குள் முடிகிறதா? குத்தகை ஓராண்டுக்கா, மூன்றாண்டுக்கா? ஓராண்டு எடுத்தவர் கிடைத்ததை எல்லாம் வாரிக்கொண்டு போவார். மூன்றாண்டு எடுத்தவர் குஞ்சு விடுவார், சிறு கண்ணி வலை போட மாட்டார், அடுத்த ஆண்டும் தனக்குத்தான் என்பதால் சினை மீனை விட்டுவைப்பார். மதகின் சாவி யாரிடம் இருக்கும்? பாசனம் முடியும் வரை குத்தகைதாரர் நீரைத் தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? கோடையில் ஆடு மாடு குடிக்க எந்த மட்டம் வரை நீர் நிற்க வேண்டும்? வெடியும் விஷமும் போட்டால் என்ன தண்டனை? கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டை குஞ்சு விடலாம் என்றும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது என்றும் இருக்கிறதா? அந்தக் கெளுத்தி ஒருமுறை இறங்கிவிட்டால் விரால் குஞ்சு ஒன்றையும் மிச்சம் வைக்காது.

இவற்றில் ஒன்று இல்லை என்றால், ஏலத்துக்கு முன்பே எழுத்தில் மனு கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஏலம் முடிந்த பிறகு நிபந்தனை சேர்க்க முடியாது.

2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், ஊர்க்காரர்களே விதி வகுத்து, தாங்களே காவல் பார்த்து, மீறியவருக்குப் படிப்படியாகத் தண்டனை கூட்டும் இடங்களில் பொதுவளம் நெடுங்காலம் நிலைக்கிறது என்று உலகம் முழுவதும் உள்ள உதாரணங்களைக் கொண்டு காட்டினார். நம் ஊர்களில் கிராமமே கூடிக் கால்வாய் தூர்வாரிய குடிமராமத்து அந்த வழியில் வந்ததுதான். சந்தை விலை அந்த ஊர் ஒழுங்குக்கு மேல் உட்கார்ந்தால் நிற்கும். அது இல்லாத இடத்தில் சந்தை மட்டும் போய் ஏரியைக் காப்பாற்றாது.

ஏல நாள்

வங்கி வரைவோலையோ ரொக்கமோ, அறிவிப்பில் சொன்னபடி டெபாசிட் கட்டி ரசீது வாங்குங்கள். ஆதார் நகல் வேண்டும். உங்கள் உச்சத் தொகையை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேப்ப மரத்தடியில் நான்கு பேர் முன்னால் ஒருவர் 'ஒரு தரம்... இரண்டு தரம்...' என்று இழுக்கும்போது, நேற்று வரை பேசாத பங்காளி எதிரே நின்றால், தொகை நம் வாயிலிருந்து தானாக ஏறும். அந்தச் சீட்டைத் தொட்டுப் பாருங்கள்.

முன்கூட்டியே நான்கு பேர் பேசிவைத்துக்கொண்டு ஒருவரே எடுப்பதும் உண்டு. அன்று கேட்ட தொகை குறைந்தபட்சத் தொகையைத் தொடாவிட்டால் மறு ஏலம் கேட்க ஊர்க்காரர் எவருக்கும் வாய் உண்டு. மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியும் கூடவே வாங்கினால் இந்தக் கூட்டு உடையும். அதையும் முன்கூட்டியே மனுவில் கேளுங்கள்.

சில ஊர்களில் இன்னும் ஊர்ப் பெரியவர்களே ஏலம் விட்டுத் தொகையைக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். கோயில் மீது எனக்கு பக்தி உண்டு. ஆனால் அரசு ரசீது இல்லாத ஏலத்தில் எடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, ஏரிக்கும் ஒரு ரூபாய் திரும்பி வருவதில்லை. எடுக்காதீர்கள்.

பணம் வந்த பிறகு

ஊராட்சி ஏலத் தொகை ஊராட்சியின் பொது நிதிக் கணக்கில் ஏற வேண்டும். ஏறியதா என்று கிராம சபையில் கேளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரிக்கென்றே அமைந்த நாள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வேண்டும். பத்துப் பேரோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், பாசனக்காரர்களை அழைத்துக்கொண்டு போங்கள். 'ஏலத் தொகையில் இத்தனை பங்கு இந்த ஏரியின் மதகுக்கும் வரத்துக் கால்வாய்க்கும்' என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஏரிக்குள் கழிவு வந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட ஆற்காட்டுக்காரர்களான நாம் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. ஆனால் பாலாற்றிலும் ஏரிகளிலும் கழிவைத் திறந்துவிட ஆலைக்காரர்கள் எந்த விலையும் கொடுக்கவில்லை. விலை இல்லாத இடத்தில் எல்லோரும் கொட்டினார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்ற ஆய்வு அதில் இடம்பெற்றது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் உறுதி செய்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தந்து, அதைக் கெடுத்தவரிடம் வசூலிக்கச் சொன்னது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகளுக்கு மேல். கெட்ட கிணறு அத்தனை காலம் காத்துக்கொண்டிருக்காது.

உங்கள் ஏரியில் நுரை, நாற்றம், செத்த மீன் கண்டால் அன்றே தேதி தெரியும்படி படம் எடுங்கள். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்து, சாட்சிக்கு இருவர் கையெழுத்து வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள். குத்தகைதாரராக இருந்தால் உங்கள் ஏல ரசீதின் நகலையும் இணையுங்கள். மீனுக்கு நீங்கள் கொடுத்த விலை எழுத்தில் இருப்பதால் உங்கள் நட்டத்தை எண்ணாகக் காட்ட முடியும். இழப்பீடு கேட்டுச் சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஐந்து ஆண்டு வரை காலம் உண்டு.

ஜூன் 30

குத்தகை முடியும் அன்று மாலை கரைக்கு வாருங்கள். மதகுச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, நீர்மட்டத்தையும் தேதியையும் எழுதுங்கள். கரையில் புதிதாகத் தோண்டிய குழி எத்தனை, ஒடிந்த புளியங்கிளை எத்தனை என்று எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். குத்தகைதாரரும் ஊராட்சிச் செயலரும் அதில் கையெழுத்துப் போடட்டும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த ஏல அறிவிப்பின் பொடி எழுத்தை அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.